பசுமை வேறு, வனம் வேறு

மண்ணுக்குள் மறைந்துகிடக்கும் பொருள்களை அகழ்ந்தெடுத்து வாழுந் தொழில் மனிதனுக்குப் புதியதன்று. இரும்பும் செம்பும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் இன்றி இக்கால நாகரிக வாழ்க்கை ஒருநாளேனும் நடைபெறாது. நாம் பயிலும் கல்லூரியின் சுவர்களும், நம்மை ஏற்றிவரும் இரயில் வண்டியும், இம்மலரை அச்சிட்ட இயந்திரமும் ஏதோ ஒரு மலையின் வயிற்றிலிருந்து வந்தவையே. ஆதலின் சுரங்கத் தொழிலை அடியோடு பழிப்பது எமது நோக்கமன்று. ஆனால், வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு மனிதன் புறப்பட்டுப்போன பின்னர் அந்நிலம் என்னாகின்றது, அங்கே முன்னர்க் குடியிருந்த பறவையும் விலங்கும் எங்கே போகின்றன என்னும் வினா, கற்றோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்வினாவுக்குச் சுரங்க முதலாளிகளும் அரசாங்க உத்தியோகஸ்தரும் பொதுவாகக் கூறும் விடை ஒன்றுண்டு. "தோண்டிய குழியை மூடிவிட்டோம், அதன்மேல் புல்லும் மரமும் வளர்த்துப் பசுமையாக்கிவிட்டோம்" என்பர். தூரத்தில் நின்று நோக்குவார்க்கு அது மெய்யாகவே தோன்றும். ஆயினும் பசுமை வேறு, வனம் வேறு என்பதே இக்கட்டுரையில் யாம் நிலைநாட்ட விரும்பும் கருத்து. வனம் என்பது பச்சைநிறம் போர்த்த நிலமன்று. பல உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் வீடு. ஒருவன் அயலானுடைய வீட்டை இடித்து, அவ்விடத்தில் ஒரு பச்சைக் கம்பளத்தை விரித்துவிட்டு, "குடியிருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்பானாயின் அதனை நாம் ஒப்புவோமோ? பறவையும் விலங்கும் வாய்திறந்து வழக்குரைக்க மாட்டாமையால் அத்தகைய விடை நெடுங்காலம் செல்லுபடியாகி வந்திருக்கின்றது.

இது நம் நாட்டுக்கு அயலான பொருளன்று. 2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் தேதி இந்திய உச்சநீதிமன்றம் இதனைப் பற்றி ஒரு கட்டளை பிறப்பித்தது. சுரங்கக் குத்தகைதாரர் தம் தொழில் முடிந்தபின் தோண்டிய இடத்திலும், அத்தொழிலாற் கெட்ட பிற இடங்களிலும் மீண்டும் புல் வளர்த்தல் வேண்டும். தீவனமும் தாவரமும் பிராணிகளும் தழைப்பதற்கேற்ற நிலைக்கு அந்நிலத்தைக் கொண்டுவருதல் வேண்டும். இதனைக் குத்தகை நிபந்தனைகளுள் ஒன்றாகச் சேர்த்தல் வேண்டும் என்பது அதன் சாரம். போற்றத்தக்க கட்டளை. ஆனால் அதனுள் இரண்டு பகுதிகள் அடங்கியுள்ளன என்பதை உன்னிப்பாகக் காணவேண்டும். முற்பகுதி புல்லைப் பற்றியது. பிற்பகுதி பிராணிகளைப் பற்றியது. முற்பகுதியை நிறைவேற்றுவதற்கு ஒரு மழைக்காலம் போதும். பிற்பகுதிக்கோ ஒரு தலைமுறையும் போதாது. எளியதைச் செய்துவிட்டு அரியதைக் கைவிடுதல் மனித இயல்பு. அவ்வாறு கைவிட்டால் விளைவு என்னாகும் என்பதை நாம் ஊகித்து அறியவேண்டுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பாகத்தில் அச்சோதனை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடந்து, அதன் முடிவும் தெரிந்துவிட்டது.

அங்குள்ள அப்பலாச்சியன் மலைத்தொடர் ஓக், ஹிக்கரி, மேப்பிள் முதலிய அகன்ற இலை மரங்கள் செறிந்த பெருங்காட்டைத் தாங்கியது. மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி முதலிய மாகாணங்களில் அம்மலைகளின் உள்ளே நிலக்கரிப் படுகைகள் உள்ளன. இருபதாம் நூற்றாண்டில் பெரிய இயந்திரங்கள் வந்தபின், சுரங்கம் குடைந்து உள்ளே போவதை விட்டு, மலையின் மேற்பரப்பையே வெடிவைத்துத் தகர்த்துக் கரியை வாரும் முறை பெருகியது. கழிவு மண்ணும் பாறையும் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் தள்ளப்பட்டன. 1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்னும் ஓடையின் தலைப்பில் நிலக்கரிக் கழிவினால் அமைந்த அணை உடைந்து, 125 பேர் மாண்டனர். மக்கள் உள்ளம் கொதித்தது. முடிவில், 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட, மேற்பரப்புச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. தோண்டியவனே மூடவேண்டும், நிலத்தின் பழைய வடிவத்தை ஏறக்குறைய மீட்கவேண்டும், அதன்மேல் தாவரம் நிலைபெற வேண்டும், அதுவரையில் பிணைப்பணம் அரசாங்கத்திடம் இருக்கவேண்டும் என அச்சட்டம் விதித்தது.

சட்டத்தின் நோக்கம் நல்லதே. மண் சரிந்து மக்களைக் கொல்லும் நிலை பெரிதும் மாறியது. ஆனால் காட்டைப் பொறுத்தவரையில் எதிர்பாராத விளைவு ஒன்று உண்டாயிற்று. மண் சரிந்துவிடுமோ என்னும் அச்சத்தினால் நிரப்பிய மண்ணின்மீது புல்டோசர் வண்டிகளைப் பலமுறை ஓட்டி அதனைக் கல்லைப்போல் இறுக்கினார்கள். பிணைப்பணம் விரைவில் திரும்ப வேண்டும் என்னும் ஆவலினால் மிக விரைவாகப் படரும் அயல்நாட்டுச் செடிகளைத் தூவினார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த பெஸ்க்யூ புல்லும், கீழையாசியாவிலிருந்து வந்த லெஸ்பிடிஸா என்னும் செடியும் மலை மலையாகப் பரவின. மழை மிகுந்த அப்பிரதேசத்தில் கடைசி விதைப்பிலிருந்து ஐந்தாண்டுக் காலமே முதலாளிக்குப் பொறுப்பு. ஐந்தாண்டில் ஓக் மரம் காடாகாது. புல்லோ ஐந்து மாதத்தில் பச்சைப்பசேலென்று நிற்கும். சட்டம் அளந்தது பசுமையை; அளக்கப்பட்டதையே முதலாளிகள் கொடுத்தார்கள்.

இறுகிய மண்ணில் மரத்தின் வேர் இறங்காது. மழைநீரும் இறங்காமல் மேலேயே வழிந்தோடும். பக்கத்துக் காட்டிலிருந்து காற்றும் பறவையும் கொண்டுவந்து போட்ட விதைகள் அடர்ந்த அயற்புல்லின் நடுவே முளைக்க இடமின்றி மடிந்தன. இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்தும் பல இடங்களில் புல்லும் புதருமன்றிக் காடு திரும்பவில்லை. இயற்கை தானே ஆற்றிக்கொள்ளும் என்று சொல்லுவார்க்கு இதுவே தக்க மறுமொழி. சிற்சில பழைய குவாரிகளை இயற்கை தானே ஆற்றிக்கொண்டதும் உண்டு. அங்கெல்லாம் மண் தளர்ந்திருந்தது, விதை தரும் காடும் அண்மையில் இருந்தது. இரண்டையும் நாமே அடைத்துவிட்டு இயற்கையை எதிர்பார்ப்பது, நெஞ்சை மிதித்துக்கொண்டு மூச்சுவிடச் சொல்வதை ஒக்கும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். "அப்புல்வெளிகளிலும் விலங்கு வாழவில்லையா?" என்று சிலர் கேட்பர். கேட்கத்தக்கதே. கென்டக்கி மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போன எல்க் என்னும் பெரிய மானினத்தை 1997 முதல் 2002 வரை மேற்கு மாகாணங்களிலிருந்து 1,500-க்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் கொண்டுவந்து விட்டனர். அவை பழைய சுரங்கப் புல்வெளிகளில் மேய்ந்து பெருகி, இன்று மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கேயுள்ள எல்க் மந்தைகளிற் பெரியது என்று சொல்லும் நிலையை அடைந்துள்ளன. புல்வெளியை நாடும் சில குருவிகளும் அங்கே கூடு கட்டுகின்றன. இவற்றை நாம் மறைக்கவேண்டுவதில்லை. ஆனால் ஒரு விருந்தாளி மகிழ்ந்திருப்பது வீட்டுக்குரியவர்கள் திரும்பிவிட்டனர் என்பதற்குச் சான்றாகாது. செருலியன் வார்ப்ளர் என்னும் நீலநிறச் சிறு பறவை, இடையறாது பரந்த காட்டில் உயர்ந்த மரங்களின் உச்சியிலே கூடு கட்டுவது. அப்பலாச்சியன் காடே அதன் தாய்வீடு. அரை நூற்றாண்டாக அதன் தொகை மிகக் குறைந்து வருகின்றது. காட்டைப் புல்வெளியாக மாற்றி எல்க் மானைக் காட்டுவோர் அந்த நீலப் பறவைக்கு என்ன விடை கூறுவர்?

தவறு உணரப்பட்டது. 2004-ஆம் ஆண்டில் அரசாங்கத்தாரும் வனநூல் வல்லாரும் சுரங்கத்தாரும் கூடி, அப்பலாச்சியன் பிரதேசத்தில் காட்டை மீட்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் வகுத்த விதிகள் ஐந்து. வேர் ஓடுவதற்கேற்ற மண் நான்கடி ஆழத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது முதலாவது. அம்மண்ணை இறுக்காமல் தளர்வாகவே பரப்பவேண்டும் என்பது இரண்டாவது. மரக்கன்றை அமுக்காத மெல்லிய புல்லினங்களையே விதைக்கவேண்டும் என்பது மூன்றாவது. விரைந்து வளர்ந்து மண்ணைக் காத்துப் பறவை விலங்குகளுக்கு உதவும் மரங்களையும், நெடுங்காலம் நின்று பயன்தரும் மரங்களையும் கலந்து நடவேண்டும் என்பது நான்காவது. நடுவதையும் முறையறிந்து நடவேண்டும் என்பது ஐந்தாவது. இவற்றுள் முதல் மூன்றும் மண்ணையும் இடத்தையும் ஆயத்தப்படுத்துவன என்பது கருதத்தக்கது. மரம் நடுவிழாவுக்கு மண்வெட்டியும் மாலையும் ஆயத்தம் செய்யும் நாம், மண்ணை ஆயத்தம் செய்கிறோமா?

புதிய சுரங்கங்களுக்கு இவ்விதிகள் போதும். முன்னமே இறுகிப்போன நிலத்தை என் செய்வது? மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மொனோங்கஹீலா தேசிய வனத்தில் இதற்கொரு சான்று உண்டு. அங்கே மோவர் நிலம் எனப்படும் உயர்ந்த மலைப்பகுதி, செந்நிற ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்துக்கு உரியது. நிலக்கரி எடுத்தபின் அந்நிலத்தை இறுக்கி, புல் விதைத்து, அவ்விடத்துக்குரியதல்லாத நார்வே ஸ்புரூஸ் முதலிய மரங்களை நட்டிருந்தனர். அவை குறுகி நின்றனவேயன்றிக் காடாகவில்லை. வனத்துறையாரும், கிரீன் ஃபாரஸ்ட்ஸ் ஒர்க் என்னும் தரும ஸ்தாபனத்தாரும் சேர்ந்து அம்மரங்களைச் சாய்த்து, சாய்ந்தவற்றை அப்படியே நிழலாகவும் உரமாகவும் கிடக்கவிட்டு, புல்டோசரின் பின்னே நீண்ட இரும்புக் கொழுவைப் பூட்டி இறுகிய மண்ணை ஆழக் கீறிப் பிளந்தனர். மண்ணை இறுக்கிய அதே இயந்திரம் மண்ணைத் திறப்பதற்கும் உதவியது. சிறு சிறு குட்டைகளை அமைத்தனர். பின்னர்ச் செந்நிற ஸ்புரூஸ் கன்றுகளையும் அம்மலைக்குரிய பிற மரங்களையும் புதர்களையும் நட்டனர்.

அங்ஙனம் மரத்தை மாற்றி நட்டதன் காரணம் யாது? அம்மலைகளில் ஒருவகைப் பறக்கும் அணில் வாழ்கின்றது. 1985-ஆம் ஆண்டில் அது அழியும் நிலையிலுள்ள பிராணி என்று குறிக்கப்பட்டு, காடு ஓரளவு தேறியபின் 2013-ஆம் ஆண்டில் அப்பட்டியலினின்று நீக்கப்பட்டது. இரவில் மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து செல்லும் அவ்வணில், செந்நிற ஸ்புரூஸ் மரங்களின் வேரை ஒட்டி மண்ணுக்குள் விளையும் காளான்களைத் தோண்டித் தின்னும். தின்ற காளானின் நுண்விதைகள் அதன் எச்சத்தின் வழியே காடெங்கும் பரவும். அக்காளான், மண்ணிலுள்ள நீரையும் சத்தையும் மரத்தின் வேருக்கு ஊட்டும். மரம் காளானுக்கு உணவளிக்கும். காளான் அணிலுக்கு உணவாகும். அணில் காளானை விதைக்கும். இம்மூவரில் ஒருவருக்குப் பதிலாக வேறொருவரை அமர்த்தினால் வட்டம் அறுந்துபோம். நார்வே ஸ்புரூஸும் பச்சைதான். ஆனால் அது அவ்வட்டத்திற் பிறந்ததன்று.

சுதேசிச் செடி என்று யாம் வற்புறுத்துவது வெறும் தேசாபிமானத்தால் அன்று என்பது இதனால் விளங்கும். ஒரு நிலத்திற் பன்னெடுங்காலம் உடன்வாழ்ந்த செடியும் பூச்சியும் பறவையும் பூட்டும் திறவுகோலும்போல ஒன்றுக்கொன்று பொருந்தியுள்ளன. நம் ஊர் வேலியோரத்திலேயே இதனைக் காணலாம். எருக்கிலையைத் தின்று வளரும் புழுவும், கறிவேப்பிலையைத் தின்று வளரும் புழுவும் வெவ்வேறு வண்ணத்துப்பூச்சிகளாகின்றன. ஒன்றன் உணவை மற்றொன்று தீண்டாது. தானியமும் பழமும் தின்னும் சிறு பறவைகளிலும் பல, தம் குஞ்சுகளுக்குப் புழுவையே ஊட்டுகின்றன. இலையைத் தின்னப் புழு இல்லையெனின் குஞ்சுக்கு இரை இல்லை. அயல்நாட்டு மரத்தின் இலை பூச்சியரிக்காமல் பளபளப்பாக நிற்பதைக் கண்டு தோட்டக்காரன் மகிழ்கிறான்; குருவியோ பட்டினியாகப் பறந்துபோகின்றது.

பண்டைத் தமிழ்ப் புலவர் இவ்வுண்மையைத் தம் முறையில் அறிந்திருந்தனர் எனலாம். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களைக் கூறுமிடத்து, மரத்தையும் விலங்கையும் பறவையையும் மக்கள் தொழிலையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுகின்றது. குறிஞ்சிக்கு வேங்கை மரமும் யானையும் மயிலும். முல்லைக்குக் கொன்றையும் மானும் கானக்கோழியும் என உரைகாரர் வகுத்தனர். மரத்தை ஒரு நிலத்தினின்றும் விலங்கை வேறொரு நிலத்தினின்றும் எடுத்துச் சேர்த்தலை மயக்கம் என்றனர். செய்யுளில் மயக்கம் ஒருவாறு அமையலாம். நிலத்தில் அது எளிதில் அமைவதில்லை.

அமையாமைக்கு நம் நாட்டிலேயே பெருஞ்சான்று சீமைக் கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த இம்மரம், வறண்ட நிலத்தையும் விறகையும் கருதிப் பரப்பப்பட்டது. வேலிகாத்தான் என்று பெயர் பெற்றுக் கண்மாயையும் ஓடையையும் தரிசையும் விழுங்கியதை இராமநாதபுரத்தாருக்கும் சிவகங்கையாருக்கும் யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இதே மரம் வடநாட்டில் விலாயதி கீக்கர் என்னும் பெயரோடு தில்லியைச் சூழ்ந்த ஆரவல்லிக் குன்றுகளையும் மூடியது. அக்குன்றுகளில் கல்லுடைத்துக் கைவிட்ட குழிகளில் முதலிற் குடியேறுவதும் அதுவே.

அத்தகைய ஓரிடத்தை மீட்ட வரலாறு நமக்கு ஊக்கமளிப்பது. தில்லிக்கு அருகே குருகிராம் நகரத்தின் ஓரத்தில் ஏறக்குறைய 380 ஏக்கர் பரப்புள்ள குன்று, கல் குவாரிகளாலும் கல்லுடைக்கும் ஆலைகளாலும் சிதைந்து கிடந்தது. 2010-ஆம் ஆண்டு முதல் அந்நகர மக்களிற் சிலர் நகராட்சியோடு சேர்ந்து அதனைத் திருத்த முற்பட்டனர். அழகிய பூந்தோட்டம் அமைத்தல் அவர்களுக்கு எளிதாயிருந்திருக்கும். அவர்களோ ஆரவல்லியின் பழைய காடு எத்தகையது என்று முதலிற் கேட்டனர். பாறையிடுக்கில் வேரூன்றும் தோக் மரம், செங்குத்தான சரிவில் நிற்கும் சலாய் என்னும் சாம்பிராணி மரம், செந்தீப்போலப் பூக்கும் பலாசு முதலிய சுதேசி மரங்களின் விதைகளைக் காடுகளில் தேடிச் சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து, மேடு பள்ளம் பாறை என்னும் வேறுபாடறிந்து நட்டனர். பள்ளிச் சிறுவர் முதல் உத்தியோகஸ்தர் வரையிற் பலர் கைகொடுத்தனர். கடைகளில் விலைக்குக் கிடைக்கும் செடியை நடாமல், நடவேண்டிய செடியின் விதையைத் தேடிச் சென்றதே அவர்கள் வெற்றியின் இரகசியம். இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் காணப்படுகின்றன. 2022-ஆம் ஆண்டில், சட்டப்படி காக்கப்பட்ட வனங்களுக்குப் புறம்பாகவும் உயிர்வகைகளைப் பேணும் இடம் என இந்தியாவில் முதன்முதலாக அப்பூங்கா அங்கீகாரம் பெற்றது.

ஆரவல்லியின் பழைய காட்டை அறிவதற்கு ஏடுகளை மட்டும் நம்பவேண்டியதில்லை. அதே குன்றுத்தொடரில் மாங்கர் பனி என்னும் காவற்காடு இருக்கின்றது. ஒரு சாதுவின் நினைவைப் போற்றிச் சுற்றுக் கிராமத்தார் கிளையொடிப்பதும் ஆகாது என்று காத்துவந்தமையால் தோக் மரக்காடு அங்கே நிலைத்து நிற்கின்றது. நம் தென்னாட்டிலும் ஐயனார் கோயிற் காடுகள் பல இவ்வாறே நிற்கின்றன. எதை நடுவது என்று தெரியாத அதிகாரி எவரும் அருகிலுள்ள கோயிற்காட்டிற் புகுந்து பார்ப்பாராயின் விடை கிடைக்கும்.

சுதேசி என்பது மரத்தின் குணத்தைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது என்பதற்கு இன்னுமோர் உதாரணம் கூறுவோம். நம் நாட்டில் தைலமரக் காடு ஓசையற்ற காடாக நிற்கின்றது. அத்தைலமரத்தின் இனத்தவையே தாய்நாடாகிய ஆஸ்திரேலியாவில் எண்ணற்ற உயிர்களுக்குப் புகலிடம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தின் அருகேயுள்ள ஜாரா மரக்காடும் தைலமர இனத்தைச் சேர்ந்ததே. அங்கே 1963-ஆம் ஆண்டு முதல் அலுமினியத்துக்கு மூலமாகிய பாக்ஸைட் வெட்டப்படுகின்றது. தொடக்கத்தில், ஜாரா மரத்தைக் கொல்லும் ஒரு வேர்நோய்க்கு அஞ்சி, பைன் மரங்களையும் அதே கண்டத்தின் கிழக்குக் கரைத் தைலமரங்களையும் குழிகளில் நட்டனர். ஒரே கண்டத்து மரமாயினும் அக்காட்டுக்கு அவை அயலாரே. 1988-ஆம் ஆண்டு முதல் அவ்வழக்கத்தை விட்டு, ஜாராக் காட்டுக்குரிய மரங்களையே வளர்க்கலாயினர்.

அவர்கள் கற்ற பாடங்களில் இரண்டு நமக்கு மிக வேண்டுவன. முதலாவது, மேல்மண்ணின் அருமை. காட்டின் விதைக்களஞ்சியம் மேல்மண்ணில் ஏறக்குறைய அரையடிக்குள் அடங்கியுள்ளது. அதனை வழித்தெடுத்து ஆண்டுக்கணக்கிற் குவித்துவைத்தால் விதைகள் அழுகிப்போம். புதிதாக ஓரிடத்தைத் தோண்டும்போது வழிக்கும் மேல்மண்ணை, வேலை முடிந்த மற்றோர் இடத்தில் உடனே பரப்பினால், நாம் பெயரறியாத செடிகளும் தாமே முளைக்கும். இரண்டாவது, காட்டுத்தீயில் பழகிய அந்நாட்டு விதைகள் பல, புகையின் தீண்டலின்றி உறக்கம் நீங்குவதில்லை என்னும் உண்மை. அப்புகையில் விதையை எழுப்பும் பொருள் இன்னதென்று 2004-ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். ஒவ்வொரு காட்டுக்கும் இத்தகைய அந்தரங்கம் உண்டு. அதனைக் கற்காமல் அக்காட்டை வளர்க்க இயலாது.

இத்துணை முயன்றும் அக்காடு முழுதும் திரும்பிற்றா? இல்லை. அந்நாட்டுக் கருங்கொண்டைக்கிளிகள் மீட்ட குழிகளில் பத்தாண்டுக்குள்ளேயே இரைதேட வருகின்றன. ஆயினும் அவை முட்டையிடுவதற்கு மரப்பொந்து வேண்டும். பெரிய கிளி புகத்தக்க பொந்து நூற்றாண்டுக்கு மேல் வளர்ந்த கிழமரத்திலன்றி அமையாது. உணவு வந்துவிட்டது, தொட்டில் வரவில்லை. நாம் இன்று நடும் கன்று அப்பறவைக்குத் தொட்டிலாகும்போது, நம் பேரர்களின் பேரர்கள் உயிரோடிருப்பர். அப்பிரதேசத்தில் சுரங்கம் மேலும் விரிவடையலாமா என்று வலிய விவாதம் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே சுரங்க நிலத்தை மீட்கலாம் என்னும் வாதத்தை, இன்னும் தோண்டப்படாத காட்டைத் தோண்டுவதற்கு அநுமதிச் சீட்டாக எவரும் பயன்படுத்தலாகாது. முறிந்த எலும்பைக் கட்டும் வைத்தியன் இருக்கிறான் என்பதற்காக எலும்பை முறித்துக்கொள்வார் உண்டோ?

இனி, பணச்செலவைப் பற்றிய தடை. சுதேசி விதையைத் தேடுவதும், மேல்மண்ணைப் பேணுவதும், பல்லாண்டு காப்பதும் செலவு மிகுந்தவை என்பர். மெய்தான். ஆயினும் மலையைத் தகர்க்கும் இயந்திரங்களுக்குச் செலவிடுங்கால் இக்கணக்கை எவரும் பார்ப்பதில்லை. தொழிலின் தொடக்கத்திலேயே மேல்மண்ணைத் தனியே வைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. முப்பதாண்டு கழித்து இறுகிய மலையைக் கீறிப் பிளப்பதற்கு ஆகும் செலவு பெரிது. அமெரிக்கர் ஒரே நிலத்துக்கு இருமுறை செலவிட்டனர். அவர்கள் கொடுத்த விலையில் நாம் பாடம் பெறலாகாதா?

ஆகவே யாம் வேண்டுவன இவை. உச்சநீதிமன்றக் கட்டளையைப் புல்லோடு நிறுத்தாமல் பிராணிகள் என்னும் சொல்வரையிற் படித்து நிறைவேற்றுக. பெருங்கனிமச் சுரங்கங்களுக்குப் பிணைத்தொகை வாங்கும் விதி நம் நாட்டிலும் உண்டு; அத்தொகையைப் பச்சைநிறத்தைக் கண்டு திருப்பிக்கொடாமல், எத்தனை சுதேசிச் செடியினங்கள் தாமே விதைத்துப் பெருகின, எத்தனை பறவைகள் கூடு கட்டின என்று எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க. சிறு கல் குவாரிகளையும் இதனின்றும் தப்பவிடாதிருக்க. முதற் பாறையைத் தகர்க்குமுன்னரே மேல்மண்ணை எங்கே வைப்பது என்று குத்தகையில் எழுதுக. ஜில்லாதோறும் அவ்வந்நிலத்துக்குரிய விதைகளைத் தொகுக்கும் நாற்றங்கால் ஒன்று அமைக்க. உசிலும் வெள்வேலும் இலந்தையும் காரையும் ஆவிரையும் அத்தியும் இச்சியும் வளர்க்கும் நாற்றங்காலை இன்று தேடிப்பிடிக்க வேண்டியிருப்பது நமக்குப் பெருமையன்று.

மாணவ நண்பர்காள்! இதில் உங்களுக்கும் பங்குண்டு. தாவர நூலும் பிராணி நூலும் பயில்வோர் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் பெயர்கள் உங்கள் ஊர்க் கோயிற்காட்டிலே உயிரோடு நிற்கின்றன. விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் அருகிலுள்ள கைவிட்ட குவாரியையும், அருகிலுள்ள பழைய காட்டையும் கண்டு, இரண்டிலும் உள்ள செடிகளையும் பறவைகளையும் தனித்தனியே எழுதிவாருங்கள். இரண்டு பட்டியல்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமையே நாம் பூமிக்குப் பட்ட கடன். ஆடு மேய்ப்போரும் விறகு சேர்ப்போரும் எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த விதை எதனால் முளைக்கும் என்பதை உங்களிலும் நன்கறிவர். அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இக்கல்லூரியின் பழைய மாணவர்களுள் வனத்துறையிலும் சுரங்கத்துறையிலும் நீதித்துறையிலும் பதவி வகிப்போர், கையெழுத்திடுமுன் ஒருமுறை அந்நிலத்தை நேரிற் சென்று பார்ப்பாராக. பச்சையாக இருக்கின்றதா என்று மட்டும் பாராமல், சற்றுநேரம் நின்று செவிசாய்த்துக் கேட்பாராக. பறவையொலி கேட்குமாயின் கையெழுத்திடலாம்.